பறவைகளுக்கு ஊர்ப் பேச்சில் பெயர் சொன்ன பேராசிரியர்

நம் இதழில் சங்கீத வித்வான்கள், வேத விற்பன்னர்கள், பெரிய உத்தியோகங்களில் இருந்தவர்கள் என்று எத்தனையோ பேருடைய வாழ்க்கையைப் படித்து வருகிறோம். இம்முறை ஒரு வாத்தியாரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். கல்லூரியில் இங்கிலீஷ் போதித்தவர், ஆனால் கேரளத்தில் இன்றும் பறவைகளுக்காக நினைக்கப்படுபவர். அவர் பேராசிரியர் கே.கே.நீலகண்டன். 'இந்துசூடன்' என்ற புனைபெயரைச் சொன்னால் பாலக்காட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இந்துசூடன் என்றால் பிறை சூடியவன். நீலகண்டனும் அவனே அல்லவா!

எனக்குப் பூர்வீகம் ஆலத்தூர் பக்கம். பிழைப்பு முழுவதும் வடக்கே. என் தகப்பனார் தபாலில் வரவழைத்துப் படித்த மாத்ருபூமி வாரப் பதிப்பில்தான் இந்துசூடன் என்ற பெயரை முதலில் பார்த்தேன். அவரை நேரில் பார்க்கும் பாக்கியம் கிட்டவில்லை. ஆனாலும் என்னைப் போல வகுப்பில் உட்காராமலே அவருக்கு மாணவர்களானவர்கள் அநேகம் பேர்.

நீலகண்டன் 1923-ல் பாலக்காடு ஜில்லா காவச்சேரியில் பிறந்தார். பூரத்துக்குப் பேர் போன ஊர். காயத்ரிப்புழையும் வயல்களும் சூழ்ந்த இடம். சின்ன வயதில் வீட்டைச் சுற்றிப் பார்த்த பறவைகள் மேல் ஏற்பட்ட பிரியம் கடைசிவரை அவரை விடவில்லை. படிப்பை முடித்து ஆசிரியத் தொழிலுக்கு வந்து, கேரளத்து அரசுக் கல்லூரிகள் பலவற்றில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்தார். விலங்கியலில் பட்டம் பெற்றவர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவர்.

1946-ல், 23 வயதில், ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி ஜில்லாவிலுள்ள ஆரேடு என்ற கிராமத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதை அவர் கண்டறிந்தார். கிராமத்து ஜனங்களுக்கு அது வருஷா வருஷம் பார்த்துப் பழகிய காட்சி. வெளி உலகத்துக்குத்தான் தெரியாது. அவர் அதை நிதானமாகக் கவனித்து எழுதிய கட்டுரை, 1949-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. இங்கிலீஷில் எழுதிப் பெயர் வாங்கும் வழி அவருக்கு அப்போதே திறந்துவிட்டது.

அவர் அந்த வழியோடு நின்றுவிடவில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. திருவாங்கூர்-கொச்சிப் பறவைகளைப் பற்றி டாக்டர் சாலிம் அலியின் அருமையான இங்கிலீஷ் புத்தகம் 1953-ல் வந்திருந்தது. ஆனால் வயலில் வேலை செய்பவனும், பள்ளிக்கூடத்துப் பையனும், சமையலறை ஜன்னல் வழியாகக் குருவியைப் பார்க்கும் மாமியும் அதைப் படிக்க முடியுமா? இவர்களுக்காகவே நீலகண்டன் மலையாளத்தில் எழுதினார். 1958-ல் 'கேரளத்திலே பக்ஷிகள்' வெளியாயிற்று. பிற்பாடு கேரள சாகித்ய அகாதமி அதன் புதிய பதிப்புகளைக் கொண்டுவந்தது.

இது சுலபமான காரியமில்லை. ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கும். வேறு சில பறவைகளுக்குப் பெயரே இருக்காது. ஜனங்களிடம் வழங்கும் பெயர்களைச் சேகரித்து, இல்லாததற்குப் பொருத்தமான பெயரை இவரே வைத்தார். நாம் தவிட்டுக்குருவி என்று சொல்வதை அங்கே கரியிலக்கிளி என்கிறார்கள். கரியில என்றால் சருகு. சருகைப் புரட்டிப் புழு தேடும் அதன் ஸ்வபாவம் முழுவதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. செம்போத்துக்கு இரண்டு பாஷையிலும் ஒரே பெயர்தான். பெயர் தெரிந்தால்தான் ஒன்றை விசாரிக்கத் தோன்றும், காணாமல் போனால் கவலைப்படவும் தோன்றும்.

அந்தக் கவலை எவ்வளவு தேவைப்பட்டது என்பது 1970-களில் தெரிந்தது. பாலக்காடு ஜில்லாவிலேயே, சைலண்ட் வேலி காட்டில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். மலபாருக்கு மின்சாரம் அவசியம் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குரங்குக்காக மனிதனை இருட்டில் வைப்பதா என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்தப் பக்கத்தில் பிறந்தவர் தம் மனிதர்களுக்கு எதிராகப் பேசுவதாகத் தோன்றக்கூடிய விஷயத்தில் வாயைத் திறப்பது லேசல்ல. நீலகண்டன் தயங்காமல் காட்டின் பக்கம் நின்றார். கவிஞர் சுகதகுமாரி, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த பேராசிரியர் எம்.கே.பிரசாத் முதலிய பலருடைய பிரயாசையோடு அவருடையதும் சேர்ந்தது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சிங்கவால் குரங்குகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்பும் அவருக்கு ஓய்வில்லை. எழுத்தும் இயற்கை ஆர்வலர்களுடைய சங்கப் பணியும் தொடர்ந்தன. 1992 ஜூன் 14 அன்று காலமானார். 2007-ல் பாலக்காடு ஜில்லா சூலன்னூரில் மயில்களுக்காக ஏற்படுத்தப்பட்ட சரணாலயம் அவர் ஞாபகார்த்தமாக அமைந்தது. சுமார் 342 ஹெக்டேர். அவர் பிறந்த ஊரிலிருந்து அதிக தூரமில்லை. சம்ஸ்கிருதத்தில் நீலகண்டம் என்பது மயிலுக்கும் ஒரு பெயர். இதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் அமையுமா?

நம்மில் பலர் கிராமத்து வீட்டை விற்றுவிட்டு டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிகளில் வசிக்கிறோம். நம் பேரக் குழந்தைகளுக்கு வெளிநாட்டுப் பறவைகளின் பெயர்கள் டெலிவிஷன் மூலம் தெரிகின்றன. பால்கனியில் வந்து உட்காரும் பட்சி எது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். மைனா, கொண்டைக்குருவி, மீன்கொத்தி, செம்போத்து, தவிட்டுக்குருவி என்று ஐந்து பெயர்களை நம் பாஷையில் சொல்லிக் கொடுத்து, ஐந்தையும் வெளியே அழைத்துப் போய்க் காட்டினால் போதும். பாலக்காட்டுப் பக்கம் குலதெய்வக் கோவிலுக்குப் போகும் அங்கத்தினர்கள் ஒரு காலை வேளையைச் சூலன்னூருக்கும் ஒதுக்கலாம். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.