தஹியா கரியோக்கா: நின்ற இடத்திலேயே ஆடியவர்

போன பருவத்தில் எங்கள் பண்பாட்டியல் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் கலையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஒரு தோழி எழுந்து, எகிப்தின் பெல்லி டான்ஸ் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தோழி தலையைக் குனிந்துகொண்டார். விரிவுரையாளர் எங்களைக் கண்டிக்கவில்லை. மறுவாரம் ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படித்து வரச் சொன்னார்.

அதை எழுதியவர் எட்வர்ட் சையித். பாலஸ்தீனத்தில் பிறந்து கெய்ரோவில் வளர்ந்து, உலகம் மதிக்கும் இலக்கியப் பேராசிரியரானவர். 14 வயதில் தாம் பார்த்த ஒரு நடனமணியை மறக்க முடியாமல், 1990இல் அவரைப் பற்றி எழுதியிருந்தார். அந்த நடனமணிதான் தஹியா கரியோக்கா.

தஹியா, சூயஸ் கால்வாயை ஒட்டிய இஸ்மாயிலியா நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, 1930களில் கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தார். நடனம் ஆடும் பெண்ணுக்கு அந்தச் சமூகத்தில் கிடைத்த இடம் விசித்திரமானது. கல்யாண வீட்டுக்கு அவள் வேண்டும். ஆனால் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக யாரும் ஏற்க மாட்டார்கள். 1834ஆம் ஆண்டிலேயே எகிப்தை ஆண்ட முகமது அலி, பொது இடங்களில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து தெற்கே அனுப்பிவைத்தார். அரசன் விரட்டியும் ஆட்டம் அழியவில்லை. மண்ணின் ஆட்டம் என்னும் பொருளில் மக்கள் அதை ‘பலாடி’ என்று அழைத்தார்கள்.

கெய்ரோவில் தஹியாவுக்கு வாழ்வு தந்தவர் பதியா மஸாப்னி. இவர் 1926இல் அங்கு ஓர் இசை அரங்கத்தைத் தொடங்கியிருந்தார். வீட்டு முற்றத்திலும் தெருவோரத்திலும் ஆடிய ஆட்டம் அங்கே பெரிய மேடைக்கு ஏறியது. அதுவரை பெரும்பாலும் இடுப்பசைவையே நம்பியிருந்த ஆட்டத்தில் கைவீச்சும், மேடை முழுவதும் நகர்ந்தாடும் முறையும், குழு நடனமும் சேர்ந்தன. பழைய தாளக் கருவிகளோடு வயலினும் அக்கார்டியனும் ஒலித்தன. இன்று நாம் படங்களில் பார்க்கும் மினுமினுப்பான ஈருடை பரவியதிலும் ஹாலிவுட்டின் பங்கு உண்டு. கிழக்கத்திய நடனம் என்று அரபு மொழியில் பெயர் பெற்ற இந்த ஆட்டம், உண்மையில் கிழக்கும் மேற்கும் கலந்து பிறந்த ஒன்று.

தஹியாவின் பெயரே இதற்குச் சாட்சி. 1933இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில் ‘கரியோக்கா’ என்ற பிரேசில் பாணி ஆட்டம் இடம்பெற்றது. தஹியா அதைப் பதியாவின் மேடையில் ஆடினார். மக்கள் மயங்கினார்கள். ஆட்டத்தின் பெயர் ஆடியவரோடு ஒட்டிக்கொண்டது. பிரேசிலின் ரியோ நகரத்து மக்களைக் குறிக்கும் சொல், எகிப்தியப் பெண் ஒருவரின் பெயராகிவிட்டது.

ஆனாலும் வெளிநாட்டுத் தாளத்தை எடுத்துக்கொண்டவர் தம் மண்ணின் ஆட்டத்தைக் கைவிடவில்லை. சம காலத்தவரான சாமியா கமால், பாலே அசைவுகளைக் கலந்து மேடை முழுவதும் சுழன்றாடினார். தஹியாவோ பெரும்பாலும் நின்ற இடத்திலேயே, அவசரமில்லாமல், சிறு சிறு அசைவுகளால் ஆடினார். அந்த நிதானம்தான் சையித்தைக் கட்டிப்போட்டது.

தஹியா நடிப்பிலும் சாதித்தார். நூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1956இல் சலா அபு செயிப் இயக்கிய ‘ஷபாப் இம்ரா’ படத்தில், கிராமத்திலிருந்து கெய்ரோவுக்குப் படிக்க வரும் மாணவனைத் தன் வலையில் சிக்கவைக்கும் வீட்டுக்காரியாக வந்தார். அந்தப் படம் கான் திரைப்பட விழாவரை சென்றது.

அரசியலிலும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. இடதுசாரி இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்ததற்காக 1950களின் முற்பகுதியில் சிறை சென்றார். வயதான பிறகும், 1980களில் கலைஞர் சங்கங்கள் தொடர்பான ஒரு சட்டத்தை எதிர்த்துச் சக கலைஞர்களோடு உண்ணாவிரதம் இருந்தார். பல திருமணங்களைப் பற்றி ஊர் பேசியது. அவர் ஊருக்காக வாழவில்லை. 1999 செப்டம்பரில் கெய்ரோவில் காலமானார்.

கட்டுரையைப் படித்த பிறகு, அவர் நடித்த ஒரு படத்தைத் தேடிப் பார்த்தேன். 1972இல் வெளிவந்த ‘கல்லி பாலக் மின் ஸூஸூ’. கதாநாயகி ஸூஸூ ஒரு பல்கலைக்கழக மாணவி. அவளுடைய தாய் கல்யாண வீடுகளில் ஆடும் குழுவின் தலைவி. அதை மகள் வகுப்புத் தோழர்களிடம் மறைத்து வைக்கிறாள். தாயாக நடித்தவர் தஹியா. ஒரு பணக்கார வீட்டு விழாவில், வயதாகி உடல் பருத்த அந்தத் தாய் ஆட வேண்டிய நிலை வருகிறது. விருந்தினர்கள் கேலியாகச் சிரிக்கிறார்கள். பொறுக்க முடியாமல் மகள் எழுந்து, தாயின் இடத்தில் தானே ஆடுகிறாள்.

ஒரு காலத்தில் கெய்ரோவையே மயக்கிய கலைஞர், கேலிக்கு ஆளாகும் பாத்திரத்தில் துணிந்து நடித்திருக்கிறார். அந்த விருந்தினர்களின் சிரிப்பு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. எங்கள் வகுப்பில் நான் சிரித்ததும் அதே சிரிப்புதான்.

தோழி தம் தலைப்பை மாற்றவில்லை. அடுத்த வாரம் அவர் பேசியபோது நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முடிந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.