ஸ்ரீமான் டி. டி. கிருஷ்ணமாச்சாரியார்

பெரியோர் சரித்திரங்களைப் படிக்குங்கால் அவர் எய்திய பதவிகளையும் பெற்ற புகழையும் எண்ணி மகிழ்ந்து, அவ்வளவில் நின்றுவிடுகின்றோம். அவர் இடறிய இடத்தைக் கூறாது செல்லுதலே மரியாதை என்று நினைப்பாரும் உளர். எனினும், இடறிய இடத்திலேயே ஒருவர் வாழ்க்கை பிறர்க்குப் பாடமாய் அமைதலும் உண்டு. நம் கிறிஸ்துவக் கல்லூரியில் பயின்று, இந்தியாவின் நிதி மந்திரியாய் இருமுறை அமர்ந்து, இருமுறையும் பதவி துறந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கை அத்தகையது.

அவர் 1899ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துக்கள் இரண்டும் திருவள்ளூர், தட்டை என்பவற்றைக் குறிப்பன. திருவள்ளூர் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தமையால் அவரை நம் ஜில்லாவின் வழியினர் என்று கூறுதல் பொருந்தும். அவர் பயின்ற காலத்தில் நம் கல்லூரி சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல் அது தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அவ்வாண்டிலேயே அவர் சென்னைச் சட்டசபையினுள் புகுந்தார்.

அதற்கு முன்னரே, 1928இல், பல கம்பெனிகளின் சாமான்களை ஊர்தோறும் பரப்பி விற்கும் வியாபார ஸ்தாபனமொன்றைத் தம் பெயரால் தொடங்கி வளர்த்திருந்தார். பின்னர் டில்லியில் அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினராகி, அரசியல் சட்டத்தின் நகலை வகுத்த கமிட்டியிலும் இடம்பெற்றார். அக்கமிட்டியினர் பலர் பற்பல காரணங்களால் பணியில் கலந்துகொள்ள இயலாமற் போக, பாரம் முழுவதையும் டாக்டர் அம்பேத்கர் ஒருவரே சுமந்தார் என்று 1948இல் சபையில் எடுத்துரைத்தவர் இவரே. பிறர் உழைப்பை ஒளியாது கூறிய அப்பேச்சு அவர்தம் குணத்திற்கு ஒரு சான்று. 1952 முதல் வர்த்தக, கைத்தொழில் மந்திரியாகவும், 1956இன் பிற்பகுதியிலிருந்து நிதி மந்திரியாகவும் அமர்ந்தார். செல்வ வரியும் செலவு வரியும் 1957இல் அவர் கொணர்ந்தவையே.

இனி, அவர் இடறிய இடத்திற்கு வருவோம். 1956ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி சர்க்காரின் ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பொரேஷன் தோன்றியது. தனியார் கம்பெனிகள் பலவற்றிடம் இருந்த பணம் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தது. அது யாருடைய பணம்? செங்கற்பட்டின் ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயரும், மாமல்லபுரத்தில் கல் கொத்தும் சிற்பியும், தமக்குப்பின் மனைவி மக்கள் துன்புறலாகாதென்று சிறுகச் சிறுகக் கட்டும் பணமே அது. அப்பணத்திலிருந்து 1957 ஜூன் மாதத்தில், ஏறத்தாழ ஒரு கோடியே 24 இலட்ச ரூபாய்க்கு, கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ரா என்பாருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகள் வாங்கப்பட்டன. முதலீடுகளை ஆராய்தற்கென்றே அமைந்த கமிட்டியை முன்னதாக யாரும் கலந்துகொள்ளவில்லை.

லோகசபையில் கேள்விகள் எழுந்தன. முதலில் கிடைத்த விடைகள் நிறைவளிக்கவில்லை. டிசம்பர் 16ஆம் தேதி பெரோஸ் காந்தி எழுந்து, செய்தி முழுவதையும் சபையின்முன் விரித்தார். அவர் ஆளுங் கட்சியினர். பிரதம மந்திரி நேருவின் மருமகர். ஆயினும் கட்சியும் உறவும் அவர் நாவைக் கட்டவில்லை. அதன் பயனாகப் பம்பாய் ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா தனி ஒருவராய் விசாரிக்க நியமிக்கப்பெற்றார். அவர் பொதுமக்கள் முன்னிலையில் சாட்சியம் கேட்டார். பங்குகளை வாங்க மந்திரி இசைந்தார் என்றார் நிதி இலாகாக் காரியதரிசி எச். எம். பட்டேல், தாம் இசைவளித்ததில்லை என்றார் மந்திரி. 1958 பிப்ரவரியில் நீதிபதி அறிக்கை அளித்தார். காரியதரிசி செய்த காரியத்திற்கு மந்திரியே அரசியல்முறைப்படி பொறுப்பாளி, கீழுள்ளோர்மேல் பழியைச் சார்த்தி அவர் ஒதுங்க இயலாது என்பது அவர் முடிவு. சுதந்திரமாய் நடக்கவேண்டிய கார்ப்பொரேஷனில் சர்க்கார் தலையிடலாகாது, தலையிட்டால் எழுத்துமூலமாகவே கட்டளை இடவேண்டும், பார்லிமெண்டிற்கு உண்மையைத் தாமதமின்றி உரைக்கவேண்டும் என்றும் அவர் வகுத்துரைத்தார்.

கிருஷ்ணமாச்சாரியார் பதவியினின்று விலகினார். அறிக்கையைக் குறித்து லோகசபையில் விவாதம் நிகழ்ந்தது. இதில் அவருடைய பங்கு மிகச் சிறிதென்றே நேரு கருதினார்; ஆயினும் இராஜிநாமாவை ஏற்றுக்கொண்டார். அம்மாத இறுதியில் வரவு செலவுத் திட்டத்தையும் தாமே சமர்ப்பித்தார்.

தாம் அறியாத காரியத்திற்கு ஒருவர் தண்டனை ஏற்றல் நீதியாகுமா என்று மாணவர் வினவலாம். வினா நன்றே. ஆனால் மந்திரி அறியேன் என்றும், காரியதரிசி மேலிடத்து ஆணை என்றும், கார்ப்பொரேஷன் தலைவர் காரியதரிசியின் சொல் என்றும் கூறிவிட்டால், பணம் கட்டிய உபாத்தியாயர் யாரிடம் சென்று முறையிடுவார்? யாரேனும் ஒருவர் விடையளித்தே தீரவேண்டும். மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டவர் மந்திரி ஒருவரே. ஆதலின் அக்கடன் அவரையே சாரும். மந்திரி தமக்கெனப் பொருள் தேடினார் என்று கமிஷன் கூறவில்லை. அங்ஙனம் கூறாதபோதும் அவர் விலக நேர்ந்ததே இந்நிகழ்ச்சியின் சாரம்.

அவர் வாழ்க்கை அதனோடு முடியவில்லை. 1962இல் திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து லோகசபைக்குத் தெரிந்தெடுக்கப்பெற்று மீண்டும் மந்திரியானார். 1963இல் நிதி இலாகா அவரிடமே திரும்பியது. யூனிட் டிரஸ்டும் கைத்தொழில் அபிவிருத்தி பாங்கும் 1964இல் அவர் காலத்தில் எழுந்தன. மறுபடியும் குற்றச்சாட்டுக்கள் கிளம்ப, 1965ஆம் ஆண்டின் கடைசி நாளில் விலகினார். 1974 மார்ச் 7ஆம் தேதி காலமானார். சென்னையில் மௌப்ரேஸ் ரோடு என வழங்கிய சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் சென்றுவரும் நம் மாணவர், அங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தில் தவக்கோலம் பூண்ட பூனையையும், அதனைச் சூழ்ந்த எலிகளையும் கண்டிருப்பர். அவ்வுவமையை இப்பெரியார்மேல் ஏற்றுதல் நம் கருத்தன்று. எலிகள் வினவவில்லை என்பதையே நினைவூட்டுகின்றோம். குடியாட்சியில் வினவுதல் குடிகளின் கடன். விடையளித்தல் ஆள்வோர் கடன். நம்மில் சிலர் நாளை வினவும் இடத்திலும், சிலர் விடையளிக்கும் இடத்திலும் அமரக்கூடும். எவ்விடத்து அமரினும், நம் கல்லூரியின் இம்மூத்த மாணாக்கர் உயர்ந்ததையும் விலகியதையும் சேர்த்தே நினைத்தல் நமக்கு நலம் பயக்கும்.