புளித்த தொட்டியில் பிறந்த அறிவியல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது மனித இயல்பு. புளித்துப்போன தொட்டியையும், கோழைபோல் வழவழத்துவிட்ட சர்க்கரைப் பாகையும் கொட்டச் சொல்லாமல், அவை ஏன் கெட்டன என்று கேட்டார் ஒருவர். அந்தக் கேள்வியிலிருந்து நுண்ணுயிரியல் என்னும் ஒரு துறையே வளர்ந்தது. அவர்தாம் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர்.

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டவர், பாலைக் காய்ச்சிப் பாதுகாக்கும் முறைக்குத் தம் பெயரைத் தந்தவர் என்றே நாம் அவரைப் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆனால் 1861ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வுக் குறிப்பு, இன்று மருந்துக் கடைகளிலும் குழந்தை உணவுகளிலும் காணப்படும் பிரீபயாடிக் சர்க்கரைகள் என்னும் நார்ச்சத்துத் தொழிலுக்கு முன்னோடி என்பதை நம்மில் பலர் அறியோம். அந்தக் கோணத்திலிருந்து அவருடைய வாழ்க்கையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோல் பதனிடுபவரின் மகன்

1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிரான்சின் கிழக்கே உள்ள தோல் என்னும் சிற்றூரில் பாஸ்டர் பிறந்தார். ஊரின் பெயருக்கும் நம் தமிழ்ச் சொல்லுக்கும் தொடர்பில்லை. எனினும் அவருடைய தந்தையின் தொழில் தோல் பதனிடுவதே! தந்தை நெப்போலியனின் படையில் பணியாற்றித் திரும்பியவர். பின்னர் குடும்பம் அர்புவா என்னும் ஊரில் குடியேறியது. தோல் ஊறும் தொட்டிகளின் நெடிக்கு நடுவேதான் சிறுவன் லூயி வளர்ந்தான்.

படிப்பில் அவன் மின்னவில்லை. படம் வரைவதிலேதான் நாட்டம். பெற்றோரை அவன் வரைந்த வண்ணப் படங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1838ஆம் ஆண்டு மேற்படிப்புக்காகப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் தாங்காமல் சில வாரங்களிலேயே நோயுற்றவன்போல் ஆனான். தந்தையே சென்று அழைத்து வந்தார். விடுதியில் முதல் வாரம் கண்ணீருடன் படுத்த நம் நண்பர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

1842இல் அறிவியல் பட்டத் தேர்வில் தேறினார். வேதியியலில் அவருக்குக் கிடைத்த மதிப்பீடு, சுமார் என்பதே! அதே ஆண்டு பாரிஸின் உயர்தர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியான எகோல் நார்மாலின் நுழைவுத் தேர்விலும் வெற்றி பெற்றார்; ஆனால் தரவரிசையில் தம் இடம் தாழ்ந்திருப்பதாகக் கருதிச் சேர மறுத்துவிட்டார். ஓராண்டு மீண்டும் படித்துத் தேர்வெழுதி, 1843இல் நான்காம் இடம் பெற்றுச் சேர்ந்தார். தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. மதிப்பெண் பட்டியலைக் கண்டு மனம் தளரும்போது இந்தத் தோல் பதனிடுபவரின் மகனை நினைத்துக்கொள்வது நல்லது.

புளியின் அமிலமும் இரு படிகங்களும்

அவருடைய முதல் பெருங்கண்டுபிடிப்பு 1848இல் நிகழ்ந்தது. நம் புளிக்குப் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலம், திராட்சை ரசத் தொட்டிகளின் அடியில் உப்பாகப் படியும். அதன் ஒரு வகை ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும்; மற்றொரு வகை எப்பக்கமும் திருப்பாது. இரண்டுக்கும் வேதியியல் இயைபு ஒன்றே. இப்புதிரை ஆராய்ந்த பாஸ்டர், இரண்டாம் வகையின் உப்புப் படிகங்களில் இடக்கையும் வலக்கையும்போல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் கலந்திருப்பதைக் கண்டார். ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தெடுத்தார். ஒன்று ஒளியை வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் திருப்பின. கலந்தபோது ஒன்றையொன்று ஈடுசெய்தன. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துதான்.

1849இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, மரி லோரான் என்னும் நங்கையை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதுவதும், ஆய்வுக் குறிப்புகளைப் படியெடுப்பதுமாக அவ்வம்மையார் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் துணை நின்றார். பிறந்த ஐந்து குழந்தைகளில் மூவர் இளமையிலேயே மாண்டனர். அவர்களில் இருவரைக் கொண்டு சென்றது டைபாய்டு காய்ச்சல். நுண்ணுயிர்களின் கொடுமையை அவர் நுண்ணோக்கியில் மட்டும் கண்டவர் அல்லர்.

லில் நகரத்துத் தொட்டிகள்

1854இல் லில் நகரின் அறிவியல் துறைக்குத் தலைவரானார். அது ஆலைகள் நிறைந்த ஊர். 1856இல், பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சும் பீகோ என்பவர் அவரை நாடி வந்தார். அவருடைய மகன் பாஸ்டரின் மாணவன். சில தொட்டிகளில் நல்ல சாராயம் கிடைக்கிறது. சிலவற்றில் சாறு புளித்து வீணாகிறது. காரணம் தெரியவில்லை என்பது அவருடைய முறையீடு.

பேராசிரியர் ஆலைக்கே சென்றார். நல்ல தொட்டியின் சாற்றை நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டையான ஈஸ்ட் செல்கள் தெரிந்தன. கெட்ட தொட்டியின் சாற்றிலோ அவற்றினும் மிகச் சிறிய வேறு உயிர்கள் பெருகிக் கிடந்தன. ஒன்று சர்க்கரையைச் சாராயமாக்கியது. மற்றொன்று லாக்டிக் அமிலமாக்கியது. நொதித்தல் என்பது உயிரற்ற பொருள் சிதைவதால் நேரும் வேதிவினை என்பது ஜெர்மானிய வேதியியலார் லீபிக் முதலியோரின் கருத்தாக அக்காலத்தில் கோலோச்சியது. அதை மறுத்து, ஒவ்வொரு நொதித்தலுக்கும் அதற்கே உரிய ஓர் உயிர் உண்டு என்று 1857இல் பாஸ்டர் அறிவித்தார். பால் தயிராவதும் மாவு புளிப்பதும் உயிர்களின் செயலே என்ற உண்மைக்கு இவ்வாறுதான் அறிவியல் அடித்தளம் கிடைத்தது.

ஒரே ஆண்டில் இரண்டு கெடுதல்கள்

பாரிஸுக்குத் திரும்பி எகோல் நார்மாலில் பணியாற்றியபோது, 1861இல் அவர் இரண்டு நொதித்தல்களைப் பற்றி எழுதினார். முதலாவது, வழவழப்பு நொதித்தல். சில திராட்சை ரசங்களும் சர்க்கரைக் கரைசல்களும் எண்ணெய்போல் இழுபட்டுக் கெட்டுவிடும். அதற்குக் காரணம், மணிமாலைபோல் கோத்துக் கிடக்கும் சின்னஞ்சிறு உருண்டை உயிர்கள் என்றும், அவை சர்க்கரையை ஒருவகைப் பசையாகவும் மானிட்டால் என்னும் பொருளாகவும் மாற்றுகின்றன என்றும் அவர் காட்டினார்.

இரண்டாவது, பியூட்டிரிக் நொதித்தல். கெட்ட வெண்ணெயின் நாற்றத்தைத் தரும் இவ்வமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் காற்று பட்டால் செயலிழந்தன. காற்று இல்லாவிடத்துச் செழித்தன. காற்றின்றி வாழும் உயிரும் உண்டு என்பது அன்று உலகம் நம்ப மறுத்த செய்தி.

அன்றைய கண்ணுக்கு இவ்விரண்டும் வெறும் கெடுதல்கள். ஒன்று ஆலைக்காரரின் குழாயை அடைப்பது. மற்றொன்று மூக்கைப் பொத்த வைப்பது. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே நம் வயிற்றுக்குள்ளேயே ஓர் உறவு இருப்பதைப் பின்னாளைய அறிவியல் கண்டுபிடித்தது.

பசையின் பிற்கால வரலாறு

பீட்ரூட் சர்க்கரை ஆலைகளின் தொல்லையான இந்தப் பசையை 1874இல் ஷைப்ளர் என்னும் ஜெர்மானியர் ஆராய்ந்து, அது ஒளியை வலப்புறம் திருப்புவதால் டெக்ஸ்ட்ரான் என்று பெயரிட்டார். 1878இல், பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற வான் டீகம், அதை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு லியூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்று பெயர் சூட்டினார். நம் ஊர் ஆலைகளுக்கும் இது பழைய பகை. வெட்டிய கரும்பு நாள்கணக்கில் காத்துக் கிடந்தால் இதே பாக்டீரியா புகுந்து சாற்றைப் பசையாக்கும்; சர்க்கரை படிகமாவது கெடும். ஆனால் இதே பாக்டீரியாதான் உளுந்துடன் வந்து நம் இட்லி மாவில் பெருகி, மாவைப் பொங்கச் செய்து புளிப்பூட்டுகிறது. ஆலையில் பகைவன், அடுப்பங்கரையில் நண்பன்!

இது பசையை எவ்வாறு செய்கிறது? நாம் உண்ணும் சர்க்கரையான சுக்ரோஸ், குளுக்கோஸும் பிரக்டோஸும் இணைந்த மூலக்கூறு. பாக்டீரியா தன் உடலுக்கு வெளியே டெக்ஸ்ட்ரான் சுக்ரேஸ் என்னும் நொதியை விடுகிறது. அது சுக்ரோஸை வெட்டி, குளுக்கோஸ்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்ட சங்கிலியாக்குகிறது. விடுபட்ட பிரக்டோஸின் ஒரு பகுதி மானிட்டால் ஆகிறது. பாஸ்டர் கண்ட இரு பொருள்களுக்கும் விளக்கம் இதுவே.

1940களில் சுவீடன் நாட்டு அறிஞர்கள் இந்தப் பசையைத் தக்க அளவில் துண்டாக்கித் தூய்மைசெய்து, குருதியிழந்த நோயாளிக்கு இரத்த நீருக்கு மாற்றாக ஏற்றலாம் என்று காட்டினர். 1953இல் அமெரிக்காவின் பியோரியா நகர அரசு ஆய்வுக்கூடத்தார் மற்றோர் உண்மையைக் கண்டனர். சுக்ரோஸ் கரைசலில் மால்ட்டோஸையும் சேர்த்தால், நொதி நீண்ட சங்கிலியைக் கோப்பதை விட்டு, குளுக்கோஸ்களை மால்ட்டோஸின் முனையில் ஒட்டிக் குட்டைச் சங்கிலிகளைச் செய்கிறது. மால்ட்டோஸின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சங்கிலியின் நீளத்தை நம் விருப்பப்படி அமைக்கலாம். பாக்டீரியாவை நொதிகலத்தில் வளர்த்துச் சிறு சங்கிலிச் சர்க்கரைகளைத் தயாரிக்கும் முறைகளுள் ஒன்றுக்கு இதுவே அடிப்படை.

இச்சங்கிலிகளின் சிறப்பு அவற்றின் இணைப்பில் உள்ளது. மாவுச்சத்தில் பெரும்பாலும் 1,4 இணைப்பு. இவற்றில் 1,6 இணைப்பு. மாவுச்சத்தை வெட்டும் வேகத்தில் இவற்றை நம் சிறுகுடல் நொதிகளால் வெட்ட இயலாது. ஆதலால் ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலை அடைகிறது. அங்கே காற்றில்லை. அங்குள்ள பாக்டீரியாக்கள் இதை உணவாகக் கொண்டு அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. ஆம், 1861இல் பாஸ்டர் கண்ட அதே பியூட்டிரிக் அமிலம்! பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுவே என்று இன்று அறிவோம். குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகி நமக்கு நன்மை தரும் பொருள்களுக்கு 1995இல் பிரீபயாடிக் என்று பெயர் வந்தது. தாய்ப்பாலில் இயற்கையாக உள்ள சில சர்க்கரைகளையும் மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொண்டு நொதிகலத்தில் தயாரித்து, இப்போது குழந்தைப் பால்மாவில் சேர்க்கிறார்கள். மூக்கைப் பொத்தியவர்கள் ஒதுக்கிய பொருள், பச்சிளங்குழந்தையின் குடல்வரை நம்மை அழைத்து வந்துவிட்டது.

அந்திமக் காலம்

1868இல், நாற்பத்தைந்து வயதில், பக்கவாதம் தாக்கிப் பாஸ்டரின் இடப்பக்கம் செயலிழந்தது. அவருடைய பெரும்புகழ்ப் பணிகளுள் பல அதற்குப் பின்னரே நடந்தன. பட்டுப்புழு நோய் ஆராய்ச்சியை முடித்தார். 1881இல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டுக் காட்டினார். 1885 ஜூலை 6ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை வெறிநாய்க்கடியிலிருந்து காக்கச் சிகிச்சை தொடங்கினார். 1888இல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அவர் பெயரால் 1907இல் நம் குன்னூரிலும் ஒரு நிறுவனம் எழுந்தது.

அதே 1885இல், குடலில் நுண்ணுயிரே இல்லாமல் ஒரு விலங்கை வளர்த்தால் அது வாழாது என்ற எண்ணத்தையும் அவர் வெளியிட்டார். அது முழுதும் சரியன்று. நுண்ணுயிரற்ற விலங்குகளைப் பின்னாளில் வளர்த்துக் காட்டினர். ஆனால் அவற்றுக்கு உயிர்ச்சத்துகளைத் தனியே ஊட்ட வேண்டியிருந்தது. குடலும் இயல்பாக அமையவில்லை. வாழ்நாளெல்லாம் நுண்ணுயிர்களோடு போரிட்டவர், அவையின்றி நமக்கு வாழ்வில்லை என்று எண்ணியதே வியப்புக்குரியது.

குறைகளும் அவரிடம் உண்டு. ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியைத் தயாரித்த முறையைப் பற்றி உலகுக்குச் சொன்னதும் அவருடைய குறிப்பேடுகளில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்பதை வரலாற்றாசிரியர்கள் பின்னர் வெளிப்படுத்தினர். பெரியோரைப் போற்றும்போது இதையும் மறைக்காமல் சொல்வதே அறிவியலுக்கு அழகு. 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய நிறுவனக் கட்டடத்தின் கீழறையிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

மாணவ நண்பர்களே! பாஸ்டருக்குக் கிடைத்தவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல. ஒரு நுண்ணோக்கியும், பிறர் கொட்டவிருந்த சாறும்தான். அந்தச் சாற்றிலிருந்து ஒரு துளியை எடுத்துப் பார்க்க அவருக்குப் பொறுமை இருந்தது. செய்முறை வகுப்பில் எதிர்பார்த்த நிறம் வரவில்லை என்றால், பக்கத்து நண்பரின் விடையைப் பார்த்து எழுதிவிட்டுச் சோதனைக் குழாயைக் கழுவி வைப்பது நம் வழக்கம். இனி, கழுவும் முன் ஒரு நிமிடம் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஏன் இப்படி ஆயிற்று என்று ஆசிரியரைக் கேட்போம். லில் நகரத்துத் தொட்டியருகே பாஸ்டர் செய்ததும் அதுவே.