மல்லர் காமா

குத்துச்சண்டையைக் காணச் செல்வோர் வீரர்களின் கைகளையே உற்று நோக்குவர். குத்து விழுவது கையினாலன்றோ? ஆயினும், அக்குத்துக்கு வலிமை பிறக்குமிடம் கையன்று. பின்னே ஊன்றிய கால் நிலத்தை உந்துகின்றது. அவ்வுந்துதல் இடுப்பின் வழியே தோளுக்கு ஏறி, முடிவிலேதான் கைமுட்டியை அடைகின்றது. லப்பைக்குடிக்காட்டை அடுத்து ஓடும் வெள்ளாற்றின் மணலிற் புதைந்த வண்டியைத் தள்ளிப் பார்த்தவர் இதனை எளிதில் உணர்வர். காலடி சறுக்கினால் தோள்வலிமை அத்தனையும் வீணாகும். குத்துச்சண்டைக்குரிய இவ்வுண்மை மற்போருக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். இதனைத் தம் வாழ்நாள் முழுவதும் மெய்ப்பித்துக் காட்டியவர் மல்லர் காமா.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது. அவர் 1878 ஆம் ஆண்டு பஞ்சாபில் அமிர்தசரசை அடுத்த சிற்றூரொன்றிற் பிறந்தார். தந்தையாரும் மல்லரே. மைந்தர் சிறுவராயிருந்தபோதே அவர் காலமானார். தாய்வழி உறவினர் காமாவை வளர்த்துக் கோதாவில் இறக்கிப் பயிற்றினர்.

1888 ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி நடத்தினார். பஸ்கி எடுப்பதில் யார் வல்லவர் என்பதே போட்டி. உட்கார்ந்து எழும் இப்பயிற்சி, நம் சிறுவர் பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்தைப் போன்றது. தொடைக்கும் முழங்காலுக்கும் உரம் ஊட்டுவது. நானூற்றுக்கும் மேற்பட்ட மல்லர் அதிற் கலந்துகொண்டனர். ஒருவர்பின் ஒருவராக அவர்கள் களைத்து விலகினர். இறுதிவரை நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவரான காமாவும் ஒருவர்! அவருடைய இளமையைக் கருதி மன்னர் அவரையே வென்றவராக அறிவித்தார். வளர்ந்த பின்னர் அவர் நாள்தோறும் ஐயாயிரம் பஸ்கி வரை எடுத்தார் என்பர். அவ்வெண்ணிக்கை மிகையாயினும் ஆகுக. அவருடைய தொடைகளின் திண்மையைக் கண்டவர் அதனை நம்பத் தயங்கவில்லை.

காமா நெடிய உருவினர் அல்லர்; அவரது உயரம் 5 அடி 8 அங்குலத்தைத் தாண்டவில்லை. 1910 ஆம் ஆண்டு அவர் இலண்டனுக்குச் சென்றபோது, இதனைக் காரணமாகக் காட்டி அவரைப் போட்டியிற் சேர்க்க மறுத்தனர். காமா மனம் தளராது, எவரும் தம்மோடு பொரலாம் என அறைகூவல் விடுத்தார். அமெரிக்க மல்லர் ரோலரை வீழ்த்திய பின்னரே அவருக்கு வழி திறந்தது.

செப்டம்பர் 10 ஆம் நாள், போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோ அவரை எதிர்த்தார். ஸ்பிஸ்கோ எடையில் மிக்கவர். எனினும், போர் தொடங்கிய ஒரு நிமிடத்திற்குள் காமா அவரைக் கீழே தள்ளினார். அதன்பின் நிகழ்ந்தது விந்தையானது. எழுந்து நின்றால் காமாவின் கால்வலிமைக்கு ஈடு கொடுத்தல் அரிது என்று கண்ட ஸ்பிஸ்கோ, விரிப்பின்மீது கவிழ்ந்து, கைகால்களைப் பரப்பிக் கிடந்துவிட்டார். நிற்பவனைச் சாய்க்கலாம், முன்னரே நிலத்தோடு ஒட்டிக் கிடப்பவனை எங்ஙனம் சாய்ப்பது? இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் முடிவு ஏற்படவில்லை. பார்க்க வந்தோர் சலிப்புற்றனர். விதிக்கு மாறானதன்று அம்முறை. வீரத்திற்கு அழகா என்பது வேறு. செப்டம்பர் 17 ஆம் நாள் மீண்டும் பொருவதென முடிவாயிற்று. அன்று ஸ்பிஸ்கோ வரவில்லை. வெற்றி காமாவுக்கு அளிக்கப்பட்டது.

தாயகம் திரும்பிய காமா, ஏறக்குறைய 7 அடி உயரமுள்ள ரகீம் பக்சை அலகாபாத்தில் வென்றார். முன்னர் அவ்விருவரும் பொருத போர்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்திருந்தன.

இலண்டன் போரின் முடிவு பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர்த்தான் கிட்டியது எனலாம். 1928 ஆம் ஆண்டு சனவரியில் ஸ்பிஸ்கோ பட்டியாலாவுக்கு வந்தார். இருவரும் ஐம்பதை ஒட்டிய பருவத்தினர். இம்முறை ஸ்பிஸ்கோ கவிழ்ந்து கிடக்க நேரமே வாய்க்கவில்லை. ஒரு நிமிடம் நிறையுமுன் அவர் மல்லாந்து வீழ்ந்தார்.

1947 ஆம் ஆண்டு நாடு பிரிந்த பின்னர்க் காமா பாகிஸ்தானில் வாழ்ந்தார். நோயும் வறுமையும் அவருடைய முதுமையை வாட்டின. 1960 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் லாகூரில் அவர் மறைந்தார். அவர் பஸ்கி எடுக்கும்போது கழுத்தில் மாட்டிக்கொண்ட பெரிய வளையம் ஒன்று பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது. அதன் எடை 95 கிலோகிராம்.