இரட்டைக் கொம்பைத் தந்த வீரமாமுனிவர்

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் முதல் சில மாதங்களிலேயே கற்றுவிடுகிறது. ‘கெ’ குறில், ‘கே’ நெடில். இந்த வேறுபாடு ஆதிகாலம் தொட்டு இப்படியே இருந்து வந்ததாகத்தான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால், இன்று நாம் எழுதும் இந்த வடிவத்திற்குப் பின்னால் இத்தாலியில் பிறந்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அவர்தான் வீரமாமுனிவர்.

அவரது இயற்பெயர் கான்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி. 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி வட இத்தாலியில் உள்ள காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கப்பலேறி கோவா வந்து, அடுத்த ஆண்டு தமிழகத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 30. தமிழில் ஓர் எழுத்துகூட அவருக்குப் பழக்கமில்லை.

சமயப் பணிக்காக வந்தவர், மக்களின் மொழி தெரியாமல் அவர்களோடு பழக முடியாது என்பதை உணர்ந்தார். காவி உடுத்தினார், சைவ உணவு உண்டார். தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் பின்னால் நிலைத்தது. சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் இலக்கணம் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தொடக்க ஆண்டுகளில் சிறைப்பட்டு, மரண தண்டனையிலிருந்தும் தப்பினார். அதற்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை.

அந்தக் காலத்தில் தமிழ் பெரும்பாலும் பனை ஓலையில்தான் எழுதப்பட்டது. பழைய இலக்கண விதிப்படி, எகரமும் ஒகரமும் குறிலாக இருந்தால் எழுத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் அது நெடில். ஆனால், எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். அதனால் ஏடு எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். விளைவு, குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன. ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஓலையில் ஒரே மாதிரி இருந்தன. ‘பெய்’, ‘பேய்’ இரண்டும் அப்படியே. ‘கொடு’, ‘கோடு’ இரண்டும் அப்படியே.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட புலவருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. பாட்டு அவருக்கு மனப்பாடம். யாப்பும் பொருளும் வழிகாட்டும். புதிதாகப் படிக்க வருபவனின் நிலை அப்படியல்ல. சொல் முன்பே தெரிந்தால்தான் எழுத்தை வாசிக்க முடியும், எழுத்தை வாசித்தால்தான் சொல் தெரியும் என்ற சிக்கலில் அவன் மாட்டிக்கொள்வான். வயது வந்தபின் தமிழ் கற்ற வீரமாமுனிவர் இந்தச் சிக்கலை நேரில் கண்டவர்.

அதற்கு அவர் கண்ட தீர்வு மிக எளிமையானது. குறிலுக்கு எந்த அடையாளமும் வேண்டாம், நெடிலுக்கு ஓர் அடையாளம் போதும் என்றார். எகரத்தின் கீழே ஒரு கோட்டை இழுத்தால் ‘ஏ’. ஒகரத்தின் கீழே ஒரு சுழி சுழித்தால் ‘ஓ’. கொம்பின் தலையைச் சுழித்தால் அது நெடில் கொம்பு. புதிய எழுத்து எதையும் அவர் கொண்டு வரவில்லை. இருந்த எழுத்திலேயே சிறு மாற்றம் செய்தார். கோடும் சுழியும் எழுத்தாணிக்கு இயல்பானவை. ஓலைக்கும் சேதம் இல்லை.

இந்த மாற்றம் ஒரே நாளில் பரவவில்லை. பழைய முறையிலேயே எழுதியவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். பின்னர் அச்சுப் புத்தகங்கள் பெருகியபோது இந்த முறை நிலைபெற்றது.

எழுத்தோடு அவர் பணி நிற்கவில்லை. 1726-இல் சூசையப்பரின் வாழ்வை 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’ காப்பியமாகப் பாடினார். 1730-இல் ‘தொன்னூல் விளக்கம்’ என்ற ஐந்திலக்கண நூலை எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். இன்றும் பிள்ளைகள் சிரித்துப் படிக்கும் ‘பரமார்த்த குருவின் கதை’ அவர் எழுதியதே.

1732-இல் முடித்த ‘சதுரகராதி’ இன்னொரு பெரிய கொடை. அதற்கு முன் சொற்பொருள் அறிய நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். குருவிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்காதவரும் ஏட்டைப் புரட்டிப் பொருள் காண வழி பிறந்தது. எழுத்துச் சீர்திருத்தத்திலும் அகராதியிலும் அவர் நோக்கம் ஒன்றுதான்: தமிழை வாசிக்க முன்பே புலவராக இருக்க வேண்டியதில்லை.

1747-இல் அவர் காலமானார். 36 ஆண்டுகள் தமிழோடு வாழ்ந்த அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை.

1966-இல் கோலாலம்பூரில் தொடங்கிய உலகத் தமிழ் மாநாடு, 1968-இல் இரண்டாம் முறையாகச் சென்னையில் கூடியது. அப்போது மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர்களுக்குச் சிலைகள் வைக்கப்பட்டன. வள்ளுவர், ஔவையார், கம்பர் வரிசையில் வீரமாமுனிவருக்கும் அங்கே ஒரு சிலை நிற்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்து வரலாம். போக முடியாதவர்கள் வீட்டில் பிள்ளை ‘ஏடு’ என்று எழுதும்போது, அந்த ‘ஏ’யின் கீழே இழுத்த சிறு கோட்டைக் காட்டி அவர் கதையைச் சொல்லலாம்.