யாழை மீட்ட துறவி

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களைக் காணும் பெரியோர் எல்லாரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவா, கலைப் பிரிவா? ஒன்றை எடுத்தால் மற்றொன்றை மறந்துவிட வேண்டும் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். சுவாமி விபுலாநந்தரின் வாழ்க்கையைப் படித்த பின் அவ்வெண்ணம் மாறியது.

இலங்கையின் கீழ்க்கரையில், மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவில், 1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் அவர். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டார். அந்நூலுக்காகவே இக்குழந்தை பிறந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது!

சைவக் குடும்பத்துப் பிள்ளையாகிய அவர், மட்டக்களப்பில் கத்தோலிக்கக் குருக்கள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றார். பின்னர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1916ஆம் ஆண்டில் கொழும்பில் அறிவியல் டிப்ளமோவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார். இவ்வளவு கற்றவர் பதவியை நாடவில்லை. 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். பின்பு தாய்நாடு திரும்பி ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளை நடத்தினார்.

1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. எங்கள் கச்சிராயபாளையமும் சிதம்பரமும் அந்நாளில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை என்பது எங்களுக்குப் பெருமை.

சிலப்பதிகாரத்தில் யாழ் பேசப்படுகிறது. பழைய உரையிலும் அதன் இலக்கணம் உண்டு. ஆனால் அக்கருவியோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்துவிட்டது. தமிழ்ப் புலவர்க்குச் சொற்கள் விளங்கின, இசை விளங்கவில்லை. இசைவாணர்க்கு இசை தெரிந்தது, பழஞ்சொற்கள் விளங்கவில்லை. இரு கரைகளையும் இணைக்கும் பாலமாகக் கணிதத்தையும் இயற்பியலையும் கொண்டார் அடிகளார்.

ஒரு கம்பியை மீட்டினால் எழும் சுரம், அதே கம்பியைப் பாதியாக்கி மீட்டினால் மேல் தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால், குரல் என்னும் முதற்சுரத்திற்கு இளி என்னும் ஐந்தாம் சுரம் பிறக்கும். இன்று அவற்றை ஷட்ஜம், பஞ்சமம் என்கிறோம். எங்கள் பாடற்குழுவின் கிட்டாரில் நாங்களே இதைச் சோதித்துப் பார்த்து வியந்தோம். கணித வகுப்பில் எங்களை அச்சுறுத்திய பின்னங்கள் அன்று பாடின! இத்தகைய கணக்குகளைக் கொண்டே அடிகளார் பழைய பண்களையும், வில்யாழ், பேரியாழ், சகோடயாழ் முதலியவற்றின் அமைப்பையும் ஆராய்ந்தார்.

இப்பெரும்பணியை அவர் தனியாகச் செய்துவிடவில்லை. தஞ்சை நால்வர் மரபில் வந்த வீணை வித்துவான் க. பொ. சிவானந்தம் இசையில் துணை நின்றார். புதுக்கோட்டைச் சிதம்பரம் செட்டியார் பொருளுதவி செய்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. இடையில் இமயமலைச் சாரலில் இதழாசிரியராகவும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் பணியாற்றியபோதும் அடிகளார் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. ஆராய்ந்து அமைத்த யாழைச் சிவானந்தம் மீட்ட, ஏட்டில் மட்டும் இருந்த கருவியின் ஒலியைச் சபையோர் செவியால் கேட்டனர். உடல்நலம் குன்றியிருந்த அடிகளார், ஒன்றரை மாதத்திற்குள், ஜூலை 19இல் கொழும்பில் மறைந்தார். மட்டக்களப்பில் அவர் வளர்த்த பள்ளியின் வளாகத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தோழியரே, நம்முள் சிலர் அறிவியலையும் சிலர் கலையையும் தேர்ந்தெடுப்போம். எதை எடுத்தாலும் மற்றதை இகழாதிருப்போம். பிரிவு மாறிச் செல்லும் தோழியிடமும் கேட்டுக் கற்போம். இறைவன் நமக்கு அளித்துள்ள தாலந்துகளைத் தனித்தனியே புதைத்து வைக்காமல், ஒன்று சேர்த்துப் பயன்படுத்துவோம். அடிகளார் வாழ்க்கையிலிருந்து நாங்கள் கற்ற பாடம் இதுவே.