நண்பருக்குத் தீட்டிய ஓவியம்

ஓவியத் தொழிலால் வாழ்பவர்க்குப் பொருள் கொடுத்துப் படம் எழுதச் சொல்வோர் பலர் வாய்ப்பர். அவர்கள் விரும்பிய அளவில், விரும்பிய ஆடை அணிகளோடு, முகத்தில் உள்ள குறைகளையும் சற்றே மறைத்து எழுதித் தரவேண்டியிருக்கும். நெஞ்சு கலந்த நண்பர் ஒருவர் படம் வேண்டும்பொழுது ஓவியர் நிலை வேறு. அங்கே அவர் தம் கை சென்ற வழியே செல்லலாம். அதனைக் குறை கூறுவார் இலர். ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்டின் வாழ்வில் இவ்விரண்டும் அருகருகே நிகழ்ந்தன. அவர் தம் நண்பர் யான் சிக்ஸ் என்பார்க்கு ஆக்கிக் கொடுத்த ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்நட்பின் வரலாறோ இனிமையில் தொடங்கிப் பணத்தின் முன்னே தளர்ந்தது.

ரெம்பிராண்ட் 1606-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் லைடன் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் காற்றாலை ஒன்றின் உரிமையாளர். அதில் மாவரைத்துக் குடும்பத்தைக் காத்து வந்தார். பிள்ளைகள் பலருள் ஒருவராகிய ரெம்பிராண்டை இலத்தீன் பள்ளியில் சேர்த்தனர். 1620-இல் அவர் பெயர் லைடன் பல்கலைக்கழகத்திலும் பதிவாயிற்று. ஆயினும் அவர் உள்ளம் ஏட்டில் நில்லாது ஓவியத்தின்பால் ஓடியது. பெற்றோர் அதனை உணர்ந்து அவரை ஓவியரிடம் பயில விடுத்தனர்.

ஏறத்தாழ 1631-இல் அவர் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடியேறினார். அந்நாளில் அந்நகரம் செல்வத்தில் திளைத்தது. அந்நகர வணிகரின் கப்பல்கள் உலகெங்கும் சென்றன. நம் சோழமண்டலக் கடற்கரையில் பழவேற்காட்டிலும் கோட்டை கட்டிக்கொண்டு துணி வாங்கிச் சென்றவர்கள் அவர்களே. அவ்வாறு பொருள் ஈட்டிய வணிகர் தம் வீட்டுச் சுவர்களில் தம் உருவப்படங்களை மாட்டிவைக்க விரும்பினர். அவர்களுள் எவரேனும் ஒருவர் இளைஞர் ரெம்பிராண்டின் வாயிலில் எப்பொழுதும் காத்திருந்தார் எனலாம். 1632-இல் மருத்துவர் துல்ப் என்பார் மாணாக்கர்க்கு உடற்கூறு விளக்குவதைப் பெரிய ஓவியமாக எழுதினார். அதனால் அவர் பெயர் நகரெங்கும் பரவியது.

1634-இல் சாஸ்கியா என்னும் நங்கையை மணந்தார். 1639-இல் 13,000 கில்டர் விலை பேசிப் பெரிய மாளிகை ஒன்றை வாங்கினார். அதன் விலை முழுவதையும் அவர் உடனே கொடுக்கவில்லை. சிறிது சிறிதாகக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். கையில் பணம் புரண்ட காலம் அது. பழைய ஓவியங்கள், சிலைகள், படைக்கலங்கள், கடற்சிப்பிகள் என்று கண்டவற்றையெல்லாம் ஏலத்தில் வாங்கிக் குவித்தார். கடனை அடைக்கும் எண்ணம் பின்னுக்குச் சென்றது. பின்னாளில் அவரை வீழ்த்திய வித்து இந்த மாளிகையிலேயே ஊன்றப்பட்டது.

1642-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. ‘இரவுக் காவல்’ என்று வழங்கும் அவருடைய பேரோவியம் அவ்வாண்டில் முடிந்தது. அவ்வாண்டிலேயே சாஸ்கியா மறைந்தார். அவர்களுக்குப் பிறந்த முதற்குழந்தைகள் மூவரும் முன்னரே இறந்துவிட்டனர். எஞ்சியவன் டைட்டஸ் என்னும் ஒரு வயதும் நிறையாத மகன் ஒருவனே.

இதனை அடுத்த ஆண்டுகளிலேதான் யான் சிக்ஸின் நட்பு தழைத்தது. சிக்ஸ் 1618-இல் பிறந்தவர். ஓவியரினும் பன்னிரண்டு ஆண்டு இளையவர். அவருடைய குடும்பம் துணி வணிகத்தாலும் சாயத்தொழிலாலும் செல்வம் சேர்த்த குடும்பம். அவர்க்கோ வணிகத்தைக் காட்டிலும் கவிதையிலும் கலையிலும் நாட்டம் மிகுதி. மாவரைப்பவரின் மகனும் செல்வச் சீமானும் குலத்தாலும் பொருளாலும் ஒத்தவர் அல்லர். கலை ஒன்றே அவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்தியது.

1647-இல் ரெம்பிராண்ட் தம் நண்பரின் உருவத்தைச் செப்புத்தகட்டு அச்சோவியமாக ஆக்கினார். இம்முறை அறியத்தக்கது. செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு ஒன்றைத் தடவுவர். அப்பூச்சினை ஊசி முனையால் கீறிப் படம் வரைவர். பின்னர்த் தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு நீங்கிய கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தினால் படம் தாளில் பதியும். கோடு நெருங்க நெருங்க இருள் மிகும். கோடில்லாத இடத்தில் தாளின் வெண்மையே ஒளியாக நிற்கும். இக்கலையில் ரெம்பிராண்டை விஞ்சியவர் உலகில் மிகச் சிலரே.

இப்படத்திற்கு அவர் முதலில் வரைந்து பார்த்த குறிப்பு ஒன்று உண்டு. அதில் சிக்ஸ் சாளரத்தின் அருகே நிமிர்ந்து நிற்கின்றார். நாய் ஒன்று அவர்மேல் தாவுகின்றது. செல்வர் வீட்டுப் படங்களில் நாய் இருத்தல் அக்காலத்து வழக்கம். ஆனால் முடிவான படத்தில் நாய் இல்லை. சிக்ஸ் சாளரத்தில் சாய்ந்துகொண்டு, கையிலுள்ள தாள்களில் ஆழ்ந்திருக்கின்றார். உடைவாளும் மேலாடையும் ஒருபுறம் கிடக்கின்றன. அறை முழுவதும் இருள் சூழ்ந்திருக்கின்றது. சாளரத்தின் வழியே வரும் ஒளி அவர் முகத்திலும் தாளிலும் மட்டும் வீழ்கின்றது. பார்ப்போரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. செல்வச் சிறப்பைக் காட்டும் படம் படிப்பில் மூழ்கிய ஒரு மனிதரின் படமாக மாறிவிட்டது. இவரை நன்கு அறிந்த ஒருவரே இம்மாற்றத்தைச் செய்திருக்க இயலும்.

மறு ஆண்டு சிக்ஸ் எழுதிய ‘மெதேயா’ என்னும் துன்பியல் நாடகம் அச்சேறியது. அதற்கும் ரெம்பிராண்டே ஒரு படம் செய்து உதவினார். சிக்ஸ் ‘பண்டோரா’ என்று பெயரிட்ட ஏடு ஒன்றை வைத்திருந்தார். நண்பர்கள் அதில் கவிதையோ படமோ தம் கையால் எழுதி வைப்பர். 1652-இல் ரெம்பிராண்ட் அதில் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்றில் கிரேக்கப் புலவர் ஓமர் தம் பாக்களை ஓதுகின்றார். மக்கள் சூழ்ந்திருந்து கேட்கின்றனர். மற்றொன்றில், நம் நாட்டுக் கலைமகளை ஒத்த மினர்வா என்னும் தெய்வம் தன் படிப்பறையில் அமர்ந்திருக்கின்றது. விற்பனைக்கு வாராத ஏட்டில், ஒரு நண்பர் கண்டு மகிழ்வதற்கென்றே வரைந்த படங்கள் இவை.

அடுத்த ஆண்டில் கடன் கழுத்தை நெரித்தது. மாளிகை வாங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியும் விலைப்பணத்தில் பெரும்பகுதி நிலுவையில் நின்றது. வட்டியும் ஏறியது. இங்கிலாந்தோடு நடந்த போரினால் நகர வணிகமும் தளர்ந்திருந்தது. வீட்டை விற்றவர் பணத்தைக் கண்டிப்பாகக் கேட்டார். ரெம்பிராண்ட் பலரிடம் கடன் வாங்கினார். அவர்களுள் சிக்ஸும் ஒருவர். அவர் 1,000 கில்டர் கொடுத்தார். வட்டி வேண்டா என்றார். ஆயினும் பத்திரம் எழுதப்பட்டது. பிணையாளர் ஒருவரும் கையொப்பம் இட்டார். அதுகாறும் இருவர்க்கும் இடையே சென்று வந்தவை படங்களும் பாக்களுமே. இப்பொழுது அவற்றோடு ஒரு கடன் பத்திரமும் சேர்ந்தது.

1654-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை ஒருங்கே நோக்குதல் வேண்டும். போர்த்துகீசிய வணிகர் ஒருவர் 75 கில்டர் முன்பணம் கொடுத்து இளம்பெண் ஒருத்தியின் படத்தை எழுதச் சொல்லியிருந்தார். படத்தைக் கண்டதும் அது அவள் சாயலில் இல்லை என்று கூறி, அதனைத் திருத்த வேண்டும் அல்லது முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுத்து வாயிலாக வற்புறுத்தினார். மீதிப் பணத்தை முதலில் செலுத்துக என்றும், சாயல் உண்டா இல்லையா என்பதை ஓவியர் சங்கத்தின் தலைவர்கள் முடிவு செய்யட்டும் என்றும் ரெம்பிராண்ட் விடை தந்தார். பணங்கொடுத்தவர்க்கும் ஓவியர்க்கும் இடையே வழக்காடும் நிலை.

அவ்வாண்டிலேயே அவர் சிக்ஸின் உருவத்தை வண்ணத்தில் தீட்டினார். அப்படத்தில் சிக்ஸ் வெளியே புறப்படுபவர் போல நிற்கின்றார். தலையில் கரிய தொப்பி. உடலில் சாம்பல் நிறச் சட்டை. ஒரு தோளில் சரிகைப் பின்னல் வைத்த செந்நிற மேலாடை. ஒரு கையில் உறையை இழுத்து மாட்டிக்கொண்டே ஏதோ நினைவில் ஆழ்ந்து, தலையைச் சற்றுச் சாய்த்து நம்மை நோக்குகின்றார். முகம் மட்டும் பொறுமையாக எழுதப்பட்டுள்ளது. மற்றவையோ அகன்ற தூரிகையால் விரைந்து இழுத்தவை. சரிகைப் பின்னல் ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு; சட்டைப் பொத்தான்கள் சிறு சிறு பொட்டுகள். கைகளை அருகே சென்று பார்த்தால் சில வண்ணத் தீற்றல்களே தெரியும். சற்று விலகி நின்றால் அவை அசைகின்ற கைகளாகிவிடும். சரிகையை இழை இழையாக எண்ணிப் பார்த்துப் பணம் கொடுக்கும் வணிகர் ஒருவர்க்கு ரெம்பிராண்ட் இவ்வாறு தீட்டிக் கொடுத்திருப்பின், மற்றொரு வழக்கு எழுந்திருக்கும்! சிக்ஸ் அதனை ஏற்று மகிழ்ந்தார். தம்மைப் பற்றியும் அப்படத்தைப் பற்றியும் இலத்தீன் மொழியில் ஈரடிப் பாட்டு ஒன்றும் இயற்றினார். அப்பாட்டில் உள்ள உரோமானிய எண்ணெழுத்துக்களைக் கூட்டினால் 1654 என்னும் ஆண்டு கிடைக்கும். படம் எழுதப்பட்ட ஆண்டு அதனாலேயே துணியப்படுகின்றது.

அப்படத்திற்குப் பின் இருவரின் வழிகளும் பிரிந்தன. ரெம்பிராண்டின் இல்லத்தில் ஹென்ட்ரிக்யே என்னும் பெண்மணி மணமின்றி வாழ்ந்து வந்தார். 1654-இல் திருச்சபையார் அவரை அழைத்துக் கண்டித்தனர். மறு ஆண்டு சிக்ஸ் மருத்துவர் துல்ப்பின் மகள் மார்கரீத்தாவை மணந்து, நகரை ஆளும் குடும்பங்களுள் ஒருவராயினார். ரெம்பிராண்டைப் புகழேணியில் ஏற்றியது துல்ப்பின் படமே அன்றோ? எனினும் துல்ப்பின் மகளைப் படம் எழுதும் பணி ரெம்பிராண்டிடம் வரவில்லை. அவரிடம் முன்பு பயின்ற கோவர்ட் ஃபிளிங்கு என்பவரிடம் சென்றது.

கடன் பத்திரத்தை சிக்ஸ் வேறொருவர்க்கு விற்றுவிட்டார். வாங்கியவர் பணத்தைக் கேட்டார். ரெம்பிராண்டால் கொடுக்க இயலவில்லை. பிணை நின்றவரே அதனைச் செலுத்தும்படி ஆயிற்று. சிக்ஸ் செய்தது சட்டத்திற்கு மாறானதன்று. கடன் கொடுத்தவர் அதனை மீட்டுக்கொள்ள உரியவரே. அன்றியும் வாங்கிய கடனைத் திருப்பித் தருவதில் ரெம்பிராண்ட் பெரிதும் அசட்டையாக இருந்தார் என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆயினும் நண்பரின் கைச்சாத்துப் பத்திரம் அயலார் கைக்குச் சென்ற பின்னர்ப் பழைய நட்பு பழையபடி இருத்தல் அரிது. அதன்பின் சிக்ஸுக்காக ரெம்பிராண்ட் வேறு படம் எழுதியதாகச் செய்தி இல்லை.

1656-இல் ரெம்பிராண்ட் கடன் தீர்க்க வகையற்றவராய்த் தம் உடைமைகளை நீதிமன்றத்தில் ஒப்படைத்தார். அலுவலர் அறை அறையாகச் சென்று எழுதிய பட்டியலில் 363 இனங்கள் காணப்பட்டன. அவர் ஆசையோடு சேர்த்தவை எல்லாம் ஏலத்தில் மிகக் குறைந்த விலைக்குப் போயின. மாளிகையும் 1658-இல் விற்கப்பட்டது. நகரின் மற்றொரு பகுதியில் வாடகை வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். இத்துன்பங்களுக்கு நடுவேயும் அவர் கை ஓயவில்லை. இந்தியாவிலிருந்து வந்த முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட படங்கள் அவர் வரைந்தது இக்காலத்தில்தான். சகாங்கீரும் சாசகானும் அவர் எழுதுகோலில் உருப்பெற்றனர்.

செல்வர் விலகினாலும் எளிய நண்பர் சிலர் உடன் நின்றனர். மருந்துக் கடை நடத்திய ஆபிரகாம் பிரான்சன் அவர்களுள் ஒருவர். அவர் கலைப்பொருள்களை மிக விரும்பியவர். அவரையும் ரெம்பிராண்ட் செப்புத்தகட்டில் எழுதினார். சாளர ஒளியில் படம் ஒன்றை ஏந்திப் பார்த்தவண்ணம் அவர் அமர்ந்திருக்கின்றார். எரமியாஸ் டெ டெக்கர் என்னும் புலவர் மற்றொருவர். அவர் உருவத்தை ரெம்பிராண்ட் பொருள் பெறாமல் நட்புக்காகவே எழுதிக் கொடுத்தார். புலவர் நன்றி மறவாது பாட்டு ஒன்றால் அதனைப் பதிவு செய்தார். ஓவியத்திற்கு ஈடாகப் பாட்டைக் கொடுப்பது அவரால் இயன்றது. ரெம்பிராண்டும் அதனையே போதுமெனக் கொண்டார். பத்திரம் எழுதாத இந்நட்பு புலவர் 1666-இல் இறக்கும்வரை குன்றவில்லை.

இறுதி ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. 1663-இல் ஹென்ட்ரிக்யே மறைந்தார்; 1668-இல் மகன் டைட்டஸும் இறந்தான். 1669-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள் ரெம்பிராண்ட் உயிர் நீத்தார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள மேற்குத் திருக்கோயிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

சிக்ஸ் நெடுநாள் வாழ்ந்தார். 1691-இல் நகரத் தலைவர் பதவியும் எய்தினார்; 1700-இல் காலமானார். இரண்டாண்டுகட்குப் பின் அவர் திரட்டிய கலைப்பொருள்கள் ஏலத்திற்கு வந்தன. அவற்றுள் பல கைமாறிப் போயின. ஆனால் செந்நிற மேலாடையைத் தோளிலிட்டுக் கையுறையை இழுத்து மாட்டும் அப்படத்தைக் குடும்பத்தார் விற்கவில்லை. மூன்று நூற்றாண்டுகட்கு மேலாக அது தலைமுறை தலைமுறையாக அவர் வழித்தோன்றல்களின் உடைமையாகவே இருந்து வந்துள்ளது.